சேர்த்துப் பிடித்த கால்கள்

சுதந்திரம் வந்த வருஷம். வாந்திபேதியில் துவண்ட என் கணவரை காஜா பெராங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அங்கே மிஸ்ஸி என்று நாங்கள் கூப்பிடும் நர்ஸ் அவருடைய இரண்டு கால்களையும் சேர்த்துப் பிடித்து உயரத் தூக்கினார். பிணத்துக்குத்தான் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டுவார்கள். கைகழுவிவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

“உசிரு இருக்கே! எதுக்குக் கால சேக்கிறீங்க?” என்று பாய்ந்தேன்.

“கால் ரத்தம் நெஞ்சுக்கு வரட்டும்மா. அப்ப நாடி பலமா அடிச்சா, ஒடம்புல தண்ணி பத்தலன்னு அர்த்தம். நீங்களே தொட்டுப் பாருங்க,” என்றார் டாக்டர்.

நம்பாமல்தான் தொட்டேன். நாடி விரலை முட்டியது. இறக்கச் சொன்னேன், மெலிந்தது. தூக்கச் சொன்னேன், மறுபடி முட்டியது. உடனே சலைன் ஏற்றினார்கள். பிழைத்தார்.

இன்றும் அவர் கால்களைச் சேர்த்துவைத்துக் கண்ணயர்ந்தால், ஒன்றை மெல்ல நகர்த்திவிடுகிறேன்.