தடவிப் பார்க்கும் ரசமட்டம்

மாணிக்கவாசகத்தின் பார்வை ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் ஓரங்கள் போயின. நடக்கும்போது கதவு நிலையில் தோள் இடித்தது. மேசை விளிம்பில் இருந்த தேநீர்க் குவளையைக் கை தட்டிவிட்டது. கண்ணுக்குள் நீரழுத்தம் கூடியிருக்கிறது என்று மருத்துவர் சொன்னபோது பாதி நரம்பு செத்திருந்தது. சொட்டு மருந்தை ஒழுங்காக விட்டிருந்தால் மீதியாவது நின்றிருக்கும். வேலை இருந்த நாள்களில் அவர் அதை மறந்தார். வேலை இல்லாத நாள்களில்தான் நினைவு வந்தது. 2021ஆம் ஆண்டு முடிவதற்குள், வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டுமே அவருக்குத் தெரிந்தது. அப்போது வயது நாற்பத்தேழு.

ஹனூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். தச்சு அவருக்குக் குலத்தொழில் அன்று. இருபத்திரண்டாம் வயதில் மைசூருக்கு வந்து, ஒரு மரச்சாமான் பட்டறையில் பலகை சுமந்து, பிறகு உளி பிடித்து, முப்பது வயதுக்குள் தனியாக வேலை எடுக்கத் தொடங்கினார். அலமாரி, சுவர்ப்பலகை, கதவு, ஜன்னல் எல்லாம் செய்வார். எங்கள் வீட்டு ஜன்னல்கள் ஆறும் அவர் வைத்தவை. ஹெப்பாளில் ஓர் இயந்திர உறுப்புத் தொழிற்சாலையின் அளவைப் பிரிவில் முப்பத்துநான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவன் நான். ஆறையும் அளந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

பார்வை போன பிறகு ஆறு மாதம் வீட்டில் கிடந்தார். பிறகு ஒருநாள் இழைப்புளியைக் கையில் எடுத்தார். அறுப்பது, இழைப்பது, துளையிடுவது எல்லாம் விரல்களுக்கு மெல்லத் திரும்பி வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை. சுவரில் வைத்த பலகை மட்டமாக இருக்கிறதா என்பதைத் தொட்டு அறிய வழியில்லை. ரசமட்டத்தின் குமிழி கண்ணாடிக்குள் இருக்கிறது. அதைப் பார்த்துச் சொல்வது அவர் மனைவி ஜோதிமணியின் பொறுப்பாயிற்று.

"நடுவுல இருக்குதா?"

"இருக்குதுங்க."

"நட்ட நடுவுலயா, ஏறக்குறைய நடுவுலயா?"

"அது என்ன ஒரே எடத்துலயா நிக்குது? நீங்க கைய ஆட்டாமப் புடிச்சா நானும் ஆடாமச் சொல்லுவேன்."

இப்படித்தான் வேலை நடந்தது. இரண்டு வீடுகளில் பலகை சாய்ந்துபோயிற்று. மூன்றாவது வீட்டில், "உங்க சம்சாரம்தான் மேஸ்திரியா?" என்று யாரோ கேட்டுச் சிரித்தார்கள். அன்று சாயங்காலம் அவர் ஜோதிமணியின் தோளைப் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"சார், ஆயுசு பூரா அளந்தே சோறு தின்னவரு நீங்க. மட்டத்தை இவ வாயில இருந்து எடுத்து என் விரல்ல குடுங்க. ஒரே ஒரு செவுத்து வேலை, யாரு கண்ணையும் கேக்காம நானே முடிக்கோணும். அது முடியாதுன்னா நான் தச்சன்னு சொல்லிக்கறது பொய்."

"அப்பாடா, எனக்கும் விடுதலை," என்றாள் ஜோதிமணி. ஆனால் அவள் முகத்தில் விளையாட்டு இல்லை.

கடைகளில் ஒலி எழுப்பும் மட்டங்கள் உண்டு. கைபேசியிலும் கோணத்தை வாய்விட்டுச் சொல்லும் வசதி உண்டு. இரண்டையும் முதலில் அவர் கையில் கொடுத்தேன். பக்கத்தில் துளைக்கருவி ஓடினால் ஒலி கேட்கவில்லை. கைபேசி, பலகை அசைந்து முடித்து ஒரு நொடி கழித்துப் பேசியது. அதற்குள் கை வேறு இடத்துக்குப் போயிருந்தது. தச்சனுக்குத் தகவல் விரலில் வர வேண்டும், அதுவும் அப்போதே வர வேண்டும்.

திறந்த பள்ளத்தில் ஓர் எஃகுக் குண்டை ஓடவிட்டுப் பார்த்தேன். அது எங்கே நிற்கிறது என்று தொட்டால், தொட்ட விரலே அதை உருட்டிவிட்டது. ஊசல் வைத்தேன். ஒரு மீட்டருக்கு இரண்டு மில்லிமீட்டர் சாய்வை ஊசல் கால் மில்லிமீட்டர்கூடக் காட்டவில்லை; அவ்வளவு சிறிய நகர்வு எந்த விரலுக்கும் எட்டாது. மூன்றாவதும் நான்காவதும் பித்தளைக் குழாய்கள். உள்ளே கண்ணுக்குத் தெரியாத குழிவுகள் இருந்தன. குண்டு அவற்றில் போய் உட்கார்ந்துகொண்டது. என்னோடு வேலை பார்த்த கடைசல்காரர் காளிதாஸ், நேராகக் கடைந்து உட்புறம் மெருகேற்றிய ஓர் எஃகுக் குழாயை ஐந்தாவதாகச் செய்து கொடுத்தார். பதினொரு மாதம் ஆகியிருந்தது.

கருவி இதுதான்: அரை மீட்டர் நீளமுள்ள ஒரு சட்டம், அதன்மேல் இரு முனையும் மூடிய குழாய், குழாய்க்குள் ஒரு குண்டு. சட்டத்தின் ஒரு கால் நிலையானது, மற்றது திருகு. திருகைச் சுற்றும்போது விரலில் சொடுக்கும்; ஒரு சுற்றுக்கு ஐந்து சொடுக்கு. ஒரு சொடுக்குக்கு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு உயரம் மாறும். பலகை சாய்ந்திருந்தால் குண்டு தாழ்ந்த பக்கம் ஓடி முனையில் மோதும். அந்த மோதல் விரலில் ஒரு தட்டாகத் தெரியும். திருகு தொடக்க நிலையில் இருக்கும்போது, ஒரு சொடுக்கு ஏற்றினால் இந்தப் பக்கமும் ஒரு சொடுக்கு இறக்கினால் அந்தப் பக்கமும் குண்டு ஓடுமானால், பலகை மட்டம். இல்லையென்றால் எத்தனை சொடுக்கில் ஓட்டம் திரும்புகிறது என்று எண்ண வேண்டும். சாய்வின் அளவு அதுவே.

மாணிக்கவாசகம் அதை எங்கள் உணவு மேசைமேல் வைத்துத் திருகினார்.

"நாலு," என்றார்.

ரசமட்டத்தை வைத்துப் பார்த்தேன். குமிழி அந்த அளவுக்கே விலகி நின்றது.

"இத்தனை வருசமா உங்க சாம்பாரு ஒரு பக்கமாத்தான் ஓடியிருக்குது சார்!" என்று அவர் உரக்கச் சிரித்தார். பார்வை போன பிறகு அவர் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

தேவராஜ மொஹல்லாவில், சந்தைக்குப் பின்புறச் சந்தொன்றில் கமலம்மாள் இருந்தார். தபால் இலாகாவில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். பழைய வீடு. சமையலறைச் சுவரில் இரண்டு பலகைகள் வேண்டும், மாணிக்கவாசகமே வந்து செய்ய வேண்டும் என்று கேட்டிருந்தார். முதல் பலகை நான்கடி, இரண்டாவது பிறகு. ஜோதிமணி துணைக்குப் போனாள். வாசலிலேயே அவளுக்குக் கணவரின் கட்டளை வந்தது.

"சாமானம் எடுத்துக் குடு. புடிக்கச் சொன்னாப் புடி. கண்ணால பாத்து ஒரு வார்த்த சொல்லக் கூடாது. சொன்னீன்னா வேலைய அப்பிடியே போட்டுட்டு எறங்கிருவேன்."

"வாயைத் தெச்சுக்கறேன், போதுமா?"

காலையில் தொடங்கிய வேலை பிற்பகல் மூன்று மணிக்கு முடிந்தது. அவரே அளந்தார், அவரே துளையிட்டார், அவரே திருகாணிகளை முடுக்கினார். நான் கடைசியில் போய்ச் சேர்ந்தேன். பலகைமேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி நட்ட நடுவில் நின்றது. இடம் மாற்றி வைத்தேன், முனைகளைத் திருப்பி வைத்தேன். அசையவில்லை.

பலகைக்கு ஒரு சாண் கீழே, சுவரில் பதித்த ஓடுகளின் மேல் விளிம்பில் நீலக் கரை ஓடியது. பாத்திரம் கழுவும் தொட்டியை நோக்கிச் சரிந்திருந்த மேடையை ஒட்டி அந்த ஓடுகளைப் பதித்திருந்தார்கள். ஆகவே கரையும் சரிந்திருந்தது. பலகையின் ஒரு முனையில் அதற்கும் கரைக்கும் இருந்த இடைவெளி மறுமுனையில் அதே அளவில் இல்லை. பார்த்தவுடன் பலகைதான் கோணல் என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் குமிழி நடுவில் நிற்கும்போது தோற்றத்துக்கு என்ன மதிப்பு என்று நினைத்தேன். கமலம்மாளிடம் பெருமையோடு சொன்னேன்: "அம்மா, கோணல் உங்கள் ஓட்டில் இருக்கிறது. பலகையில் இல்லை."

"ஹௌதா? சரி சரி, சென்னாகிதெ," என்றார் கமலம்மாள். அப்படியா, நன்றாக இருக்கிறது என்று கன்னடத்தில். ஜோதிமணி தரையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

மாணிக்கவாசகம் பலகையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை உள்ளங்கையால் தடவினார். "இது நான் வெச்சது," என்றார். யாரிடமும் அல்ல.

ஏழு வாரம் கழித்து இரண்டாவது பலகைக்குக் கூப்பிட்டார்கள். அன்று பத்தரை மணிக்கு எனக்குத் தொலைபேசி வந்தது. மாணிக்கவாசகத்தின் குரல் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"சார், கருவி கெட்டுப்போச்சு. இல்லாட்டி நான் கெட்டுப்போயிட்டேன். மொதப் பலகைல வெச்சுப் பாத்தேன். பதினஞ்சு சொடுக்கு காட்டுது."

பதினைந்து சொடுக்கு என்றால் அரை மீட்டருக்கு மூன்று மில்லிமீட்டர். நான்கடிப் பலகைக்கு ஏழுக்கு மேல். ஆட்டோ பிடித்துப் போனேன். கமலம்மாள் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றிருந்தார். பலகைமேல் ரசமட்டத்தை வைத்தேன். குமிழி ஒரு மூலையில் ஒதுங்கியது. முனைகளைத் திருப்பினேன், அப்படியே. கருவியைச் சோதித்தேன். கருவியில் பிழையில்லை.

"கருவி சரியாகத்தான் இருக்கிறது, மாணிக்கம்," என்றேன். "பலகைதான் சாய்ந்திருக்கிறது."

அவர் பலகையின் அடியில் கையை நுழைத்தார். தொட்டிப் பக்கம் இருந்த தாங்கியைத் தடவினார். திருகாணித் தலையில் விரல் நின்றது. தாங்கிக்குப் பக்கத்தில், சற்று மேலே, சுவரை நகத்தால் கீறினார். பட்டிப் பூச்சு உதிர்ந்து, அடைத்திருந்த பழைய துளை வெளிப்பட்டது.

"இது என் துளை," என்றார். "கீழ இருக்கறது வேற ஆளு போட்டது. தலை மேல துருத்திக்கிட்டு நிக்குது. நான் இப்பிடி உட மாட்டேன்."

கமலம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது. "பேஜாரு பண்ணிக்காதேப்பா, வருத்தப்படாதே. மருமகள் வந்த அன்னைக்கே சொட்டையா, கோணலா இருக்குன்னா. பாக்கிறவங்க எல்லாரும் அதையே கேட்டாங்க. உன்னைக் கூப்பிட்டுச் சொன்னா மனசு உடைஞ்சு போயிடுவேன்னுதான் பக்கத்துத் தெரு ஆளைக் கூப்பிட்டு ஓட்டுக் கரைக்குச் சரியா வைக்கச் சொன்னேன். உனக்குத் தெரியாதுன்னு நெனச்சேன்."

"இப்ப நேரா இருக்குதுங்களா?"

"இப்ப நேரா இருக்கு."

"சார், நீங்க சொல்லுங்க."

நான் பார்த்தேன். பலகையும் கரையும் இணையாக ஓடின. "பார்ப்பதற்கு நேராக இருக்கிறது," என்றேன்.

"அன்னைக்கு?"

"அன்றைக்குக் கோணலாகத் தெரிந்தது. மட்டம் சரியாக இருந்ததனால் நான் சொல்லவில்லை."

அவர் முகம் ஜோதிமணி நின்ற பக்கம் திரும்பியது. "நீயும் பாத்தியா?"

"பாத்தேனுங்க. கடைசித் துளை போடறதுக்கு முன்னாடியே பாத்தேன். நீங்கதான் சொல்லக் கூடாதுன்னீங்களே." அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர் தரையில் உட்கார்ந்தார். "கண்ணு இருக்கும்போது நான் என்ன பண்ணுவேன் தெரியுங்களா சார்? பலகைய வெச்சுட்டு நாலடி பின்னால போயி நின்னு பாப்பேன். தரை எப்பிடி ஓடுது, ஜன்னல் எப்பிடி ஓடுது, எல்லாம் பாத்து, மட்டத்துக்கு ஒரு நூல் ஏத்தியோ எறக்கியோ வெப்பேன். பழைய வீட்டுல எல்லாத் தச்சனும் அப்பிடித்தான். உங்க வீட்டு ஜன்னல் புது வீட்டுது, அதுனால மட்டமும் கண்ணுக்குத் தெரியறதும் ஒண்ணா இருந்துச்சு. இதை எப்பிடி மறந்தேன்? குமிழி கையில வந்த சந்தோசத்துல மறந்துட்டேன்."

மறந்தவர் அவர் மட்டுமல்லர். எதை அளக்க வேண்டும் என்று கேளாமலே அளக்கும் கருவியைச் செய்தவன் நான். தொழிற்சாலையில் வரைபடம் அதைச் சொல்லிவிடும். எனக்குக் கேட்டுப் பழக்கமில்லை.

இரண்டாவது பலகையை அவர் அன்றே வைத்தார். கருவியை வெளியே எடுக்கவில்லை. பலகையைச் சுவரோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, "சொல்லு புள்ள," என்றார்.

"வலது பக்கம் கொஞ்சம் எறக்குங்க. இன்னும் கொஞ்சம். ஐயோ, அவ்வளவு வேண்டாம். ஏத்துங்க. போதுமுங்க."

"போதுமா?"

"போதும்."

துளையிட்டார். திருகாணியின் தலை பள்ளத்துக்குள் முழுதும் இறங்கியது. கமலம்மாள் காப்பி கொடுத்தார். யாரும் குடிக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் ஒரு புதிய வரைபடத்தோடு அவர் வீட்டுக்குப் போனேன். ஓடுகளின் இடைக்கோடு விரலுக்குத் தெரியும். அந்தக் கோட்டிலிருந்து இணையாக அளக்கும் இரட்டைக் காலுள்ள கருவி ஒன்றை ஒரு மாதத்தில் செய்துவிடலாம் என்று விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"இந்த வீட்டுல ஓட்டுக் கரை சார். அடுத்த வீட்டுல ஜன்னலு. அதுக்கடுத்த வீட்டுல பக்கத்துல நிக்கற பிரிட்ஜு. பாக்கறவங்களுக்கு எது மொதல்ல கண்ணுல படும்னு கண்ணுக்குத்தான் தெரியும். அதுக்கு நீங்க எத்தனை காலு வெப்பீங்க?"

வரைபடத்தை மடித்துக்கொண்டு திரும்பினேன்.

இப்போது அவர் ஒரு மரச்சாமான் பட்டறையில் பலகைகளுக்கு உப்புத்தாள் தேய்க்கிறார். காலை எட்டரைக்கு ஜோதிமணி பேருந்தில் ஏற்றிவிடுகிறாள். மாலை ஆறுக்கு இறக்கிக்கொள்கிறாள். அங்கே மட்டம் பார்க்கும் தேவை இல்லை. தேய்த்த பலகையை அவர் விரல்களைப் போல வேறு எவரும் சோதிக்க முடியாது என்று முதலாளி சொல்கிறார். தன்னைத் தச்சன் என்று அவர் இப்போது சொல்லிக்கொள்வதில்லை. பழைய வாடிக்கையாளர்கள் சுவர் வேலைக்கு இன்னும் சிலர் அழைக்கிறார்கள். தொலைபேசியை ஜோதிமணிதான் எடுக்கிறாள்.

"இல்லீங்க," என்கிறாள். "அவரு இப்ப வேலைக்குப் போறதில்லீங்க."