அத்தான் ஆள் மாற்றினார்

எங்கள் கரையில் சங்கு குளிக்கப் போகிறவன் மச்சினனை நம்பித்தான் கடலில் இறங்குவான். வள்ளத்தில் இருந்துகொண்டு காற்றுக் குழாய் மடங்காமல் பார்ப்பதும், கயிறு அசைந்ததும் ஆளைத் தூக்குவதும் பெண்டாட்டியின் உடன்பிறந்தவன் வேலை. கூடப் பிறந்தவளைத் தாலியறுக்க எவனும் துணிய மாட்டான் என்ற நம்பிக்கைதான் காரணம். அக்காவுக்குக் கல்யாணமான மறுவருஷத்திலிருந்து அத்தானுக்கு நான்தான் குழாய் பார்த்தேன்.

ஒரு நாள் விடியலில் கரைக்குப் போனால், என் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்திருக்கிறான். உறவும் இல்லை, பழக்கமும் இல்லை. என்ன அத்தான் இது என்று கேட்டேன். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

"அவன் எனக்கு மக்ரூன் வாங்கித் தாரான்," என்றார்.

ஒரு முந்திரி இனிப்புக்காகவா ஆள் மாற்றுவார், கேலி செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். வள்ளம் கிளம்பிப் போய்விட்டது.

குளிக்கிறவன் மச்சினனை மாற்றினால் ஊர் காரணம் கேட்காது. அதற்கு ஒரே அர்த்தம்தான்: கடலுக்குள் அந்த மச்சினன் அவனை ஏதோ செய்யப் பார்த்திருக்கிறான். டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால் பேச்சு நிற்கும். கோயில் பூசை முடிந்து வெளியே வரும்போது கூடப் படித்தவர்களே ஒதுங்கிப் போனார்கள். வேறு யாரும் என்னை வள்ளத்தில் ஏற்றவில்லை. உப்பு லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டப் போனேன்.

ஊரை விடுங்கள், ஊருக்கு வேலை இல்லை. அக்காவுக்கு என்னைத் தெரியும் என்று நம்பித்தான் அவள் வீட்டுக்குப் போனேன். அவள் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"ஏலே, கடல்ல அவரை என்ன செய்யப் பாத்த? எங்கிட்ட மட்டும் சொல்லிரு."

வாசலோடு திரும்பிவிட்டேன்.

அதற்குப் பிறகுதான் அத்தானின் கை இளைக்க ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, பேச்சு குழறியது. முதலில் குடி என்றார்கள், பிறகு செய்வினை என்றார்கள். அந்தச் செய்வினையையும் என் தலையில்தான் கட்டினார்கள். கடைசியில் திருநெல்வேலியில் ஒரு நரம்பு டாக்டரம்மா மோட்டார் நியூரான் நோய் என்று சொன்னார். கைகால் மட்டும் இல்லை, சிலருக்கு மூளையின் முன்பக்கமும் கெடும், குணமே மாறிவிடும் என்று விளக்கினார். இனிப்புக்கு அலைவார்கள், யோசிக்காமல் முடிவெடுப்பார்கள், அடுத்தவர் அழுதாலும் அது மனதில் தைக்காது. கை கெடுவதற்கு முன்பே இதெல்லாம் தொடங்கியிருக்கலாம் என்றாராம்.

அதைக் கேட்டுவிட்டு அக்கா நேராக என் வீட்டுக்கு வந்தாள். அழுதாள். "எல்லாம் அந்த நோவு செஞ்ச வேலைடா. மனசுல வச்சுக்கிடாத," என்றாள்.

இப்போது வேலை முடிந்ததும் போய் அவரைக் குளிப்பாட்டி விடுகிறேன். ஒரு தடவை துவட்டிவிடும்போது, நான் உங்களுக்கு ஏதாவது கெடுதல் செய்தேனா அத்தான் என்று கேட்டேன். அக்காவும் பக்கத்தில்தான் இருந்தாள். அவர் யோசிக்கவே இல்லை. "நீ ஒண்ணும் செய்யலியே," என்று குழறலாகச் சொல்லிவிட்டு, தின்ன என்ன இருக்கிறது என்று கேட்டார். ஊர் முழுக்கக் கேட்க வேண்டும் என்று நான் ஏங்கிய வார்த்தை, ஈரத் துண்டோடு அந்தக் குளியலறைக்குள்ளேயே முடிந்துபோனது.

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. கோபம் இருந்தாலும் அதை வாங்கிக்கொள்ள அவருக்குள்ளே ஆள் இல்லை. அக்கா எனக்குக் காபி போட்டுத் தருகிறாள், நோயைத் திட்டுகிறாள், நானும் தலையாட்டுகிறேன். அவருக்கு நோய், சரி. அன்றைக்கு வாசலை மறித்து நின்றவளுக்கு ஒரு நோயும் இல்லை.