நாலு மணிக்கு முன்னும் பின்னும்

அதே மனிதன், அதே கடைசல் இயந்திரம், அதே பம்புத் தண்டு. மாலை நாலு மணிவரை அந்த உழைப்புக்கு ஒரு விலை. நாலு மணிக்கு மேல் அதைப்போல் மூன்று மடங்கு. அப்படியானால் உழைப்பின் மதிப்பு எதில் இருக்கிறது? ஆளிலா, பொருளிலா, கடிகாரத்திலா? வெண்டெல் இதை ஒருநாளும் வாய்விட்டுக் கேட்டதில்லை. பக்கத்து இயந்திரத்தில் நின்றவன் நான். அவன் வாழ்ந்த விதமே அந்தக் கேள்வியாக இருந்தது.

சோல்னோக் நகரில் எங்கள் பம்பு ஆலையில் பகலெல்லாம் அரசாங்க வேலை. நாலு மணிக்குச் சங்கு ஊதியதும் நாங்கள் சிலர் கூட்டாகச் சேர்ந்து, அதே இயந்திரங்களில், அதே ஆலைக்கே ஒப்பந்த வேலை செய்வோம். எல்லாம் சட்டப்படிதான். இரும்பும் ஆலையுடையது, மின்சாரமும் ஆலையுடையது. கூலி மட்டும் வேறு. அதனால் பகலில் உடம்பைச் சேமித்தோம். நல்ல வெட்டுமுனைகள் மாலைவரை பெட்டியில் பூட்டியிருக்கும். பகலுக்கு மழுங்கியது போதும். பகலில் யாரும் வேகம் காட்டக் கூடாது என்பது எழுதாத விதி. காட்டினால், பகலிலேயே முடிகிற வேலைக்கு மாலையில் எதற்கு மூன்று மடங்கு என்று மேலே கேட்டுவிடுவார்கள்.

வெண்டெலைப் பெரிய மனிதன் என்று சொல்ல மாட்டேன். கைவேலை சுத்தம். மற்றபடி கஞ்சன், சிடுமூஞ்சி. வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அவனும் மனைவி யோலானும். மற்றதில் மகள் நோராவும் மருமகனும் கைக்குழந்தையும். நோராவுக்குத் தனி வீடு வாங்க முன்பணம் கட்ட வேண்டும். அவனுடைய மாலைகள் எல்லாம் அதற்குத்தான் போயின.

ஒரு சனிக்கிழமை அவன் வீட்டில் சாப்பிட்டேன். பீன்ஸ் சூப்புக்கு மேல் கரண்டியைப் பிடித்தபடியே வெண்டெல் தூங்கிப்போனான். யோலான் கரண்டியை மெல்ல எடுத்துக் கீழே வைத்தாள்.

“தூங்கட்டும் விடுங்க. கல்யாணமான புதுசுல இவரு நல்லா பேசுவாரு, தெரியுமா?”

“இவனா? என்ன பேசினான்?”

“அதான் மறந்துபோச்சு.”

குழந்தை அழுதது. வெண்டெல் கண் விழித்து, விட்ட இடத்திலிருந்து குடிக்கத் தொடங்கினான். “ஆறிப்போச்சு” என்றான். யாரையும் குறை சொல்லவில்லை.

எண்பத்தேழாம் வருஷ வசந்தத்தில் முன்பணம் ஏறக்குறையச் சேர்ந்துவிட்டது. அந்த வாரமே வீட்டு விலையை மறுபடி ஏற்றினார்கள். போன வருஷமும் அப்படித்தான் நடந்தது.

“கவலப்படாதீங்கண்ணே,” என்றான் லேனார்ட். எங்கள் கூட்டில் இளையவன், வாய் சும்மா இருக்காது. “இன்னும் கொஞ்சம் இழுத்தீங்கன்னா பேத்தி கல்யாணத்துக்கு வீடு ரெடி.”

“நாம நடந்தா அந்த வீடும் முன்னால நடக்குதுடா,” என்றான் வெண்டெல். அவ்வளவுதான். அன்று மாலையும் எங்களோடு நின்று வேலை செய்துவிட்டுத்தான் போனான்.

மறுநாள் காலை அவன் இயந்திரத்தின் சத்தம் கேட்டு நாங்கள் எல்லோரும் திரும்பினோம். அது மாலைச் சத்தம். பெட்டியைத் திறந்து நல்ல முனையை மாட்டியிருந்தான். தண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பளபளவென்று இறங்கிக்கொண்டிருந்தன.

லேனார்ட் அவனிடம் ஓடினான். “அண்ணே, மணி ஏழு. காலை ஏழு.”

“தெரியும்.”

“தூக்கத்துல மாட்டிட்டீங்களா? கழட்டுங்க, யாரும் பாக்கல.”

வெண்டெல் கொக்கியால் இரும்புச் சுருளை இழுத்துத் தள்ளிவிட்டு அடுத்த தண்டை மாட்டினான்.

“நோராவுக்கு வீடு வேணாமா? எங்களுக்காவது சோறு வேணாமா?”

“வேணும்.”

பத்து மணிவாக்கில் வேலைநேரம் அளக்கிறவர் வந்தார். சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துக்கொண்டு வெண்டெலின் பக்கத்தில் நின்றார். எங்கள் மாலைகள் முடிந்துபோயின என்று தெரிந்தது. அவர் நிற்பது வெண்டெலுக்கும் தெரியும். அவன் கை வேகம் குறையவில்லை. மாலைக்கென்று தன் பங்காக ஒதுக்கி வைத்திருந்த தண்டுகளையும் பகல் கூலிக்கே முடித்து அடுக்கினான்.

நாலு மணிக்குச் சங்கு ஊதியது. நாங்கள் இயந்திரங்களுக்கே திரும்பினோம். வெண்டெல் கை கழுவினான், விரல் இடுக்குகளைக்கூட விடாமல். பையை எடுத்துக்கொண்டு நடந்தான். லேனார்ட் வாசல்வரை பின்னாலேயே போனான்.

“திட்டல அண்ணே. ஏன்னு மட்டும் சொல்லிட்டுப் போங்க.”

வெண்டெல் தொப்பியைச் சரிசெய்துகொண்டான். பேருந்து வந்தது. ஏறிக்கொண்டான்.