அடையாறு பாலத்தில் ஏறும் தண்ணீர்

பயணம் என்றால் காசி, காஷ்மீர் என்று எழுதுவார்கள். நான் போனது மயிலாப்பூரிலிருந்து தி.நகர் வழியாக அடையாறு வரைக்கும்தான். 1997, ஜூலை மாதத்து ஒரு காலை.

எட்டு மணிக்குக் குளத்தருகே பஸ் ஏறினேன். பையில் ஆப்பிள் பழங்கள். என் மகள் காயத்ரி வேதியியலில் முதல் வகுப்பு. முந்தைய வருடம் மேல்படிப்புக்கு அவள் விண்ணப்பித்த அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் எல்லாமே கைவிரித்துவிட்டன. அவளைவிடக் குறைந்த மதிப்பெண் வாங்கிய தோழிக்கு இடம் கிடைத்தது. அந்தப் பெண் ஏதோ ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பழகியிருந்தாளாம். உடனே காயத்ரியும் அடையாறில் தண்ணீர் பரிசோதிக்கும் கூடம் ஒன்றில் சம்பளமில்லாமல் சேர்ந்துவிட்டாள். பாட்டில் கழுவவா படிக்கவைத்தேன் என்று எனக்கு ஆற்றாமை. இந்த முறையும் இடம் கிடைக்காவிட்டால் பெண் உடைந்துபோவாளே என்ற பயம் அதைவிடப் பெரிது.

தி.நகரில் இறங்கி, பாண்டி பஜாருக்குப் பின்னாலிருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுக்குப் போனேன். கூடத்தின் தலைவர் காயத்ரிக்குத் தரவேண்டிய நற்சான்றிதழை அடித்துவைக்கச் சொல்லியிருந்தேன். பெரியவர்களுக்குச் சிரமம் கொடுக்காமல் நாமே எழுதிக்கொண்டுபோய்க் கையெழுத்து மட்டும் வாங்குவதுதானே நம் வழக்கம். ஒழுக்கமானவள், பணிவானவள், நல்ல குடும்பம், ஒன்றையும் விடவில்லை.

"காலேஜுக்கா மேடம்? மாப்பிள்ளை வீட்டுக்குன்னு நினைச்சேன்" என்றார் டைப் அடித்தவர்.

அங்கிருந்து ஆட்டோ. முப்பது ரூபாய்க்குப் பேசி ஏறினேன்.

"இன்னாமா, ஆப்பிள்லாம் கீது. ஆஸ்பத்திரியா?"

"இல்லப்பா, ஒரு ஆபீஸரைப் பார்க்க."

"அப்ப அவருக்குத்தான் ஒடம்பு சரியில்ல போல!" என்று சிரித்தவர், பாலம் வந்ததும், "மூக்கைப் பொத்திக்கமா, ஆறு வருது" என்றார். பொத்திக்கொண்டேன்.

கூடத்தின் தலைவர் என் தாளை நிதானமாகப் படித்தார்.

"பணிவா? போன மாசம் என்கிட்டயே சண்டை போட்டாங்க உங்க பொண்ணு."

"எதுக்கு சார்?"

"தினம் பத்து மணிக்கு ஆத்துத் தண்ணி எடுப்போம். ஆனா கடல் ஏறுற நேரம் தினம் மாறும். ஒருநாள் கடல்தண்ணி வரும், ஒருநாள் சாக்கடை. ரெண்டையும் எப்படி ஒப்பிடறீங்கன்னு கேட்டாங்க. சரியான கேள்வி. இப்ப கடல் ஏறுற நேரத்தைப் பார்த்துத்தான் எடுக்கிறோம். நான் அதை எழுதறேம்மா. இதுல கையெழுத்துப் போட்டா அவங்களுக்குக் கெடுதல் பண்ணினவனாயிடுவேன்."

தாளையும் பழங்களையும் திருப்பித் தந்தார்.

ஆற்றங்கரைக்கு நடந்தேன். முழங்கால் சேற்றில், பாட்டிலைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி காயத்ரி நின்றாள். கரையில் துணி உலர்த்திக்கொண்டிருந்த குடிசைப்பெண் என்னைப் பார்த்து, "உன் பொண்ணா? தெனம் சேத்துல நின்னுக்கினு கீது. இத்த யாரு கட்டிக்குவான்?" என்றாள்.

"நீ சும்மா இரு அக்கா!" என்று காயத்ரி சேற்றுக்குள்ளிருந்து சிரித்துக்கொண்டே அவளிடம் கத்தினாள். வீட்டில் அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து ஒரு வருடமாகியிருந்தது. ஆப்பிளை மூவரும் அங்கேயே தின்றோம்.

அடுத்த ஆண்டு அவளுக்கு இடம் கிடைத்தது. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வழியனுப்பி ஒரு மாதமாகிறது. பழக்கத்தில் அவளுக்கும் சேர்த்து இரண்டு தட்டு எடுத்துவைத்துவிட்டு ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன்.

நேற்று பஸ்ஸில் அந்தப் பாலத்தைக் கடந்தேன். எல்லோரும் மூக்கைப் பொத்தினார்கள். நான் எட்டிக் கீழே பார்த்தேன், ஏறுகிறதா இறங்குகிறதா என்று. தண்ணீர் கடலை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.