தொந்திக் கோபுரமும் பாம்பு வருஷத்துக்காரியும்

புவாலா சண்டை போடாத நாள் என்றால் அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல் என்று அர்த்தம். லம்பூன் ஊர்ச் சந்தையில் நூடுல்ஸ் விற்பவள். புருஷன் ஓடிப்போனபோது, “சைக்கிள விட்டுட்டுப் போ!” என்று மட்டும் கத்தினாளாம்.

அந்த ஊரில் வருஷத்துக்கு ஒரு மிருகம், மிருகத்துக்கு ஒரு கோயில்; அவள் பிறந்தது பாம்பு வருஷத்தில். அந்த வருஷத்துக்காரர்கள் கும்பிட வேண்டிய இடம் இந்தியாவிலிருக்கும் புத்தகயா. அவ்வளவு தூரம் போக வழியில்லாதவர்களுக்காக எந்தக் காலத்திலோ யாரோ புண்ணியவான்கள், ஊர்க்கோயிலில் புத்தகயா கோபுரத்தை அப்படியே கட்ட நினைத்து, அப்படி இல்லாமல் கட்டிவைத்தார்கள். உச்சியில் ஏழு முடி. நடுமுடி, ஒட்டும் அரிசியை ஆவியில் வேகவைக்கும் மூங்கில் கூடை மாதிரித் தொந்தியோடு நிற்கும். அம்மா செத்தபோதும் மகள் பிறந்தபோதும் புவாலா போய் அழுதது அந்தத் தொந்தியிடம்தான்.

கோயில் கமிட்டித் தலைவர் இன்தா புத்தகயா போய்வந்து, செல்போனும் கையுமாகக் கடைக்கு வந்தார்.

“நம்மூருது தப்பு, புவாலா. அசல்ல வயிறே இல்ல. புத்தாண்டு முடிஞ்சதும் இடிச்சிட்டு ஒழுங்கா கட்டப்போறோம்.”

“உங்க கல்யாண போட்டோலகூடத்தான் வயிறு இல்ல, இன்தாண்ணே. இடிச்சிரலாமா?”

கடையே சிரித்தது. இன்தா சிரிக்கவில்லை. கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது.

புத்தாண்டுக்கு ஊரே கவைக்கொம்பு வெட்டிச் சாயம் பூசி, கோயில் அரசமரக் கிளைகளுக்கு முட்டுக் கொடுக்கும். மரம் நின்றால் ஆயுசு நிற்கும். ஒருவர் கொடுத்த கொம்பைப் பிடுங்கினால் அவர் உயிரையே பிடுங்கியது மாதிரி, எவனும் தொடமாட்டான்.

புவாலா தன் கொம்பை மரத்தைத் தாண்டி இழுத்துப்போய்க் கோபுரச் சுவரில் சாய்த்தாள்.

“ஏய், அது மரத்துக்கு!” என்று இன்தா ஓடிவந்தார்.

“என் உசுர இங்கதான் வச்சிருக்கேன். தைரியமிருந்தா எடுங்க.”

எடுக்கவில்லை. மீன் விற்கும் மூன் தாத்தா தன் கொம்போடு வந்தார். “நான் ஆடு வருஷம். பொண்டாட்டி பாம்பு. வைக்கலேன்னா கொத்திருவா.” அவர் பின்னால் ஒவ்வொருவராக வந்தார்கள். பொழுது சாய்வதற்குள் கோபுரம் முள்ளம்பன்றியாகிவிட்டது.

புத்தாண்டு முடிந்து வந்த கொத்தனார், சம்மட்டியோடு சுற்றிச் சுற்றி வந்தான். கொம்பில்லாத ஓர் இடம் அகப்படவில்லை.

“நீ என்ன வருஷம்பா?” என்றாள் புவாலா.

“பாம்புதான், அக்கா.”

“அப்ப அதக் கீழ வச்சிட்டுப் போயி ஒரு கொம்பு வெட்டிட்டு வா.”

கொத்தனார் இன்தாவின் முகத்தைப் பார்த்தான். பிறகு, யாரிடமாவது அரிவாள் இருக்கிறதா என்று கேட்டான்.