சகீனா அக்காவின் காகிதம் மஞ்சளாகாது

சகீனா அக்கா இறந்த செய்தியை எனக்கு அனுப்பியவர், அவருடைய பெயரைக் கெடுத்த அதே கேலரிக்காரர். "கலையுலகுக்குப் பேரிழப்பு" என்று எழுதி, கூப்பிய இரண்டு கைகளையும் போட்டிருந்தார். போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. கடையில் ஆள் இருந்ததால் மேசைமேல் கவிழ்த்து வைத்தேன்.

அக்காவைத் தெரிந்தவர்களுக்கு என்னையும் தெரிந்திருக்கும். மயிலாப்பூரில் படங்களுக்குச் சட்டம் போடுகிறவன் நான். மரக்கட்டையில் செதுக்கி, மை தடவி, காகிதத்தில் அக்கா அச்செடுக்கும் படங்கள் என்னிடம்தான் வரும்.

ஒருமுறை தி.நகரில் காகிதம் வாங்க அவரோடு போனேன். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்துப் போட்டார். அக்கா அதை வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், மூலையில் ஈர விரலை வைத்தார். "இது மையக் குடிக்கல, முழுங்குது. மரக்கூழு. ரெண்டு வருசத்துல டீத்தண்ணி கலருக்கு வந்துடும். பஞ்சுல செஞ்சது குடு நைனா" என்றார். தாளை நனைத்துவிட்டாரே என்று கடைக்காரர் முணுமுணுத்தார். கடை மூடும்வரை அக்கா அங்கிருந்து நகரவில்லை.

கோயில் குளத்தைச் செதுக்கிய அவருடைய படத்துக்குப் பஞ்சுக் காகிதத்தில் இருபதே பிரதிகள். அதில் ஒன்று எனக்கு. மற்றவை விற்றதும், காட்சிக்கு வைக்கிறேன் என்று சொல்லி அவருடைய கட்டைகளையெல்லாம் கேலரிக்காரர் வாங்கிப்போனார். அக்கா நம்பிக் கொடுத்தார்.

இரண்டு மழைக்காலம் போயிருக்கும். அடையாற்றிலிருந்து ஓர் அம்மாள், கேலரியில் வாங்கியதென்று அந்தக் குளத்துப் படத்தைக் கொண்டுவந்தார். மஞ்சளடித்துக் கிடந்தது. பின்பலகையைக் கழற்றினேன். மரக்கூழ்க் காகிதம். பஞ்சுக் காகிதத்தின் பிசிறு ஓரம்போலத் தெரிய, ஸ்கேல் வைத்துக் கிழித்திருந்தார்கள். பென்சில் கையெழுத்து அக்காவுடையதே இல்லை. அக்காவின் கட்டையில் கேலரிக்காரரே திருட்டு அச்செடுத்து விற்றிருந்தார். "கேட்டேனே சார், பேப்பர் அந்தம்மா செலக்‌ஷன்னு சொல்லிட்டார்" என்றார் அந்த அம்மாள். கேலரிக்காரர் இதையே ஊரெல்லாம் சொல்லியிருந்தார். அதன்பிறகு அக்காவிடம் யாரும் படம் கேட்கவில்லை.

அந்த ஆளின் சட்டையைப் பிடிக்கக் கிளம்பினேன். அக்கா வண்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டார். "என் கட்டைங்க அவன்கிட்ட கீது. நீ வாயத் தொறந்தா அடுப்புல வச்சிடுவான். கட்டை வரட்டும், அப்பால வச்சிக்கலாம்" என்றார். எப்போது கேட்டாலும் அடுத்த வாரம் என்றார் கேலரிக்காரர். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். அக்கா போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறுநாள் கேலரிக்காரர் அக்கா வீட்டுக்குக் காரில் வந்தார். வந்திருந்தவர்கள் எல்லோரும் பார்க்க, கட்டைகளை அக்காவின் மகளிடம் கொடுத்தார். "பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார் ஒருவர். நல்லவர் பட்டம் வாங்கும் அவசரத்தில் கேலரிக்காரர் தன் பிடியை விட்டுவிட்டார். பதினொரு கட்டைகள், ஒன்றும் குறையவில்லை. மகள் என்னிடமே ஒப்படைத்தாள். துணி சுற்றி என் கடை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

வரும் ஞாயிறு காலை பாலவாக்கத்தில் தன் கேலரியிலேயே அக்காவுக்கு அவர் இரங்கல் கூட்டம் நடத்துகிறார். அவரிடம் குளத்துப் படம் வாங்கியவர்கள் அதைச் சட்டத்தோடு தூக்கி வாருங்கள். காகிதம் வெள்ளையாக இருந்தால் அது அக்காவுடையது, பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போங்கள். மஞ்சளாக இருந்தால் அது அவருடையது, அவர் கையிலேயே கொடுங்கள்.

எனக்கென்று மிஞ்சியவை அக்கா கொடுத்த ஏழாம் எண் பிரதியும், அவர் கடைசிவரை அடக்கி வைத்திருந்த கோபமும். இரண்டோடும் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பேன். குறடும் கொண்டுவருகிறேன். அவர் மைக்கைப் பிடித்துத் தொண்டையைச் செருமியதும், நீங்கள் கொண்டுவந்த மஞ்சள் படத்தின் பின்பலகையிலிருந்து முதல் ஆணியைப் பிடுங்குவேன்.