செவனம்மாவின் கூடை

போன வாரம் பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோர சீட் கிடைத்தது. இந்த அதிர்ஷ்டமெல்லாம் எனக்கு எப்போதாவதுதான் வாய்க்கும். அதை அனுபவிக்க விட்டார்களா? பின் சீட்டில் இரண்டு பெண்கள், கையில் ஒரு போன். இயர்போன் என்று ஒன்று இருக்கிற தகவல் நம்முடைய பஸ்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

வளைவுக்கு வளைவு வயிற்றைப் புரட்டுகிறது. போதாததற்குக் காதுக்குள் இரைச்சல். திரும்பி நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்... அதற்குள் குரல் பிடிபட்டுவிட்டது. அட, செவனம்மா!

உங்களில் பாதிப் பேருக்குச் செவனம்மாவைத் தெரிந்திருக்கும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவள் ஒரு கார்ட்டூன். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவள். குட்டை உருவம், உருண்டைக் கண், தலையில் மாட்டிய கயிற்றில் முதுகுப் பக்கம் தொங்கும் கூடை. வாரத்துக்கு ஒரு வீடியோ, மூன்று நாலு நிமிடம். கங்காணியோடு மல்லுக்கு நிற்பாள். அட்டைப்பூச்சியிடம் நியாயம் கேட்பாள். பஸ் கண்டக்டரை அழ வைப்பாள்.

எல்லாவற்றையும் விடப் பெரிய விசேஷம் அந்தக் கூடை. அதை அவள் இறக்கவே மாட்டாள். ரொட்டி சுடும்போதும் கூடை, கோயிலில் கும்பிடும்போதும் கூடை. கல்யாண வீட்டில் கூடையோடு திரும்பி, பக்கத்தில் சாப்பிடுகிறவரைத் தட்டோடு தள்ளிவிடுவாள். தூங்கும்போதும் கூடைதான் – அதனால் குப்புறப் படுப்பாள். நானும் விழுந்து விழுந்து சிரித்தவன்தான்.

ஆனால் அன்றைக்கு, பழைய வீடியோ முடிந்து புதியது ஓடத் தொடங்கியதும், பின் சீட்டில் சிரிப்பே வரவில்லை.

"என்னடி இது, கூடையைக் காணோம்?"

"ஆமா... சும்மா உக்காந்து பிளேன்டீ குடிக்கிறா. இதுல என்னா கொமடி இருக்கு?"

போன் பைக்குள் போய்விட்டது. நான் விரும்பிய அமைதி கிடைத்துவிட்டது. ஆனால் இப்போது எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. கூடை எங்கே போயிற்று?

செவனம்மாவைப் படைத்தவரை எனக்குத் தெரியும். பெயர் யோகராஜ். நமுனுகுல பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறார். பசறையில் என் வேலையை முடித்துக்கொண்டு நேராக அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டேன். பத்தி எழுதுகிறவனுக்கு வேறென்ன பிழைப்பு?

யோகராஜ் எனக்கு அறிமுகமானது ஒரு சாவு வீட்டுக் காரியத்தில். எங்கள் அப்பா இறந்தபோது வீட்டில் அவருடைய தனிப்படம் ஒன்றுகூட இல்லை. யாருடைய கல்யாணத்திலோ எடுத்த குரூப் போட்டோவில், மூலையில் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார். அதைத் தூக்கிக்கொண்டு பதுளை டவுனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி முஸ்லிம். ஊருக்கே அண்ணன் மாதிரி, எல்லாரும் நானா என்றே கூப்பிடுவார்கள். உள்ளே கொம்பியூட்டருக்கு முன்னால் ஒல்லியாக ஒருவர் உட்கார்ந்திருந்தார். அவர்தான் யோகராஜ்.

அப்பாவைக் கூட்டத்திலிருந்து பக்குவமாகப் பிரித்தெடுத்தார். பிறகு ஒரு கோட்டையும் டையையும் மாட்டிவிட்டார். அப்பா வாழ்நாளில் கோட் போட்டதில்லை.

"கோட் வேணாமே தம்பி."

"கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே இல்லைங்கண்ணே. முன்னால நிக்கிறவரு மறைச்சிட்டாரு. நான் என்னா செய்ய?"

அப்பா இன்றைக்கும் எங்கள் வீட்டுச் சுவரில் கோட்டோடுதான் இருக்கிறார். முகத்தில் லேசான சங்கடம் தெரிகிறதென்று எனக்குத் தோன்றும்.

செத்தவர்களின் தலையைப் பிரித்துப் பிரித்துப் பழகிய கை அது. வேலை இல்லாத ஒரு மத்தியானம் நானாவின் போட்டோவை எடுத்து, தாடையை மட்டும் தனியாக வெட்டி, மேலும் கீழும் ஆட்டிப் பார்த்திருக்கிறார். நானா பேசுகிற மாதிரியே இருந்ததாம். தானே குரல் கொடுத்து, "டீ குடிச்சது போதும், வேலையப் பாருடா" என்று பேசவும் வைத்துவிட்டார். திரும்பிப் பார்த்தால் பின்னால் நானா! வேலை போயிற்று என்றே நினைத்தாராம். நானா தொப்பி கழன்று விழச் சிரித்தார். கடைக்கு வந்தவர்களையெல்லாம் இழுத்துவைத்துக் காட்டினார்.

அப்படித் தொடங்கியதுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கை, கால், தலை, தாடை என்று தனித்தனியாக வரைந்து, தனித்தனியாக அசைக்கிற வேலை. மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டார். செவனம்மா பிறந்தாள், சனம் சிரித்தது. கடைக்காரர்கள் விளம்பரம் கேட்டு வந்தார்கள். ஸ்டூடியோவை விட்டுவிட்டு வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டார்.

வீட்டில்தான் சிக்கல். காரணம் – மாமியார்.

யோகராஜின் மனைவி சாந்தி, வீட்டுக்கு ஒரே பிள்ளை. அதனால் கல்யாணம் ஆன நாளிலிருந்து சாந்தியின் அம்மாவும் கூடவேதான். காலமெல்லாம் கொழுந்து பறித்து இப்போது ஓய்ந்திருக்கிறவர். நம்மவர்களில் சில வீடுகளில் மாமியாரும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொள்ள மாட்டார்கள், தெரியும்தானே? மரியாதை. மகள் வழியாகத்தான் தபால். பெரிய வீடென்றால் சரி. லயத்துக் காம்பராவில், அந்தச் சின்ன அறைக்குள், எப்படி?

"சாந்தி, சோறு போடவான்னு கேளு" என்பார் மாமியார். மாப்பிள்ளை இரண்டு முழம் தள்ளி உட்கார்ந்திருப்பார். "போடச் சொல்லு" என்பார். நடுவில் நிற்கிற சாந்தி வாயைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை. வருடக்கணக்காக இப்படித்தான் அந்த வீடு ஓடுகிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் விஷயம். செவனம்மா வேறு யாருமில்லை. அந்த மாமியாரேதான்! நடை, முகத்தைச் சுளிப்பது, கையை நீட்டிப் பேசுவது, சண்டையில் மூச்சு வாங்காமல் அடுக்குவது... எல்லாம் அப்படியே.

"நேரா பேச முடியாது. அதனால கேட்டுக்கிட்டே இருந்தேண்ணே. கேட்டுக் கேட்டு மனசுல ஒட்டிக்கிச்சு" என்றார் யோகராஜ்.

லயத்துக்கே இது தெரியும். மாமியாருக்கு மட்டும் தெரியக்கூடாதென்று எல்லாருமாகச் சேர்ந்து கட்டிக் காத்தார்கள். அவரிடம் இருந்தது பட்டன் போன், அது ஒரு வசதி. யோகராஜ் உள்ளறையில் கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் குரல் பதிவு செய்வாராம். சாந்திக்கு வீடியோ ஒவ்வொன்றும் நெஞ்சிடி. "எங்கம்மாவுக்கு ரோசம் ஜாஸ்திங்கண்ணே. மடுல்சீமையில மாமா வீடு இருக்கு. கோவிச்சுக்கிட்டு ஒரு தடவ படி எறங்கிருச்சுன்னா, செத்தாலும் திரும்பி வராது."

அப்படியே ஓடிக்கொண்டிருந்தது... கோயில் திருவிழா வரும் வரைக்கும்.

தோட்டத்து இளைஞர்கள் யோகராஜுக்குத் தெரியாமல் ஒரு ஏற்பாடு செய்துவிட்டார்கள். மத்தியானம், பூசை முடிந்ததும், மண்டபத்தில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிச் செவனம்மாவைப் போடுவது, மாலை போட்டு யோகராஜைக் கௌரவிப்பது. அன்பு மிகுதியில் செய்கிற காரியத்தில் யார் யோசிக்கிறார்கள்? முன்வரிசை நாற்காலியில் மாமியார். "கலைஞரோட மாமியாராச்சே" என்று யாரோ மரியாதையாகக் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறார்.

யோகராஜ் மேடையில் மாலையோடு மாட்டிக்கொண்டார். இறங்கவும் முடியாது, நிறுத்தச் சொல்லவும் முடியாது.

மண்டபம் முழுக்கச் சிரிக்கிறது. ஆனால் எல்லாருக்கும் ஒரு கண் முன்வரிசையில். மாமியார் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. முந்தானையைப் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்தாராம். செவனம்மா கூடையோடு ரொட்டி சுட்டாள். கூடையோடு குப்புறப் படுத்தாள். படம் முடிந்ததும் எழுந்தார். யாரிடமும் பேசாமல் வீட்டுக்கு நடந்துவிட்டார்.

"முடிஞ்சிச்சுன்னு நெனச்சேண்ணே. இனி செவனம்மாவும் வேணாம், ஒண்ணும் வேணாம், பழையபடி ஸ்டூடியோவுக்கே போயிர்றதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் லயத்துக்கு வந்தேன்" என்றார் யோகராஜ்.

அவர் உள்ளே போகவில்லை. இஸ்தோப்பில், வாசலுக்கு வெளியே இருக்கிற சின்னத் திண்ணையில், நின்றுகொண்டார். சாந்திதான் உள்ளே போய், அடுப்படியில் உட்கார்ந்திருந்த அம்மாவிடம் மெல்ல ஆரம்பித்தார்.

"அம்மா... அவரு சும்மா வெளையாட்டுக்கு..."

"என்னா வெளையாட்டு? என்னைய மாதிரிப் பேசுறது எனக்குத் தெரியாதாக்கும். இந்தச் செவுரு என்னா கூரை வரைக்குமா இருக்கு? மொத நாள்லேருந்து கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

எப்படி இருக்கிறது? கம்பளியாவது மண்ணாவது! லயத்தில் தடுப்புச் சுவர் பாதியோடு நிற்கும், மேலே எல்லாருக்கும் ஒரே கூரைதான். அதே லயத்தில் பிறந்து வளர்ந்தவர் யோகராஜ். கொம்பியூட்டருக்கு முன்னால் உட்கார்ந்ததும் அதை மறந்துவிட்டார். மாமியார் எல்லாவற்றையும் காதால் கேட்டிருக்கிறார். ரசித்துமிருக்கிறார் – சாந்தியே பிறகு ஒத்துக்கொண்டார், அம்மா அடுப்படியில் தனியாகச் சிரிப்பதைப் பார்த்திருக்கிறாராம், காரணம்தான் அப்போது பிடிபடவில்லை. கண்ணால் பார்த்ததுதான் அன்றைக்கு முதல் தடவை.

பிறகு மாமியார் வாசல் பக்கம் திரும்பினாராம்.

"மாப்பிள்ள."

இத்தனை வருடத்தில் யோகராஜை நேராகக் கூப்பிட்ட முதல் வார்த்தை அது.

"அந்தப் பொம்பள பேசுறதெல்லாம் சரியாத்தான் பேசுது. ஆனா வீட்டுக்கு வந்தும் கூடையை எறக்காம நிக்குதே... அது எனக்குப் பொறுக்கல. நான் வாசல்ல கால வைக்கும்போதே எறக்கி வச்சிருவேன். கூடை இருக்கிற வரைக்குந்தான் நான் தோட்டத்து ஆளு. எறக்கி வச்சுட்டா சாந்தியோட அம்மா. அத எறக்கி வைங்க."

அவ்வளவுதான். அடுப்பை ஊதப் போய்விட்டார்.

என் அம்மாவும் கொழுந்து பறித்தவர்தான். கூடையைக் கழற்றி வாசலுக்கு இடப் பக்கம் கவிழ்த்து வைத்துவிட்டு, கழுத்தை இரண்டு பக்கமும் திருப்புவார். அதற்குப் பிறகுதான் எங்களைப் பார்ப்பார். தினமும் பார்த்து வளர்ந்த நான், கூடையோடு படுத்துத் தூங்குகிற ஒருத்தியைப் பார்த்து எப்படிச் சிரித்தேன்?

"அது வேணும்னு செஞ்சதில்லண்ணே" என்றார் யோகராஜ். "மொத மொத வரையிறப்ப தலை, கயிறு, கூடை எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டி வரைஞ்சிட்டேன். தோட்டத்துல வேலை செய்யிற சீன்தானே, பரவாயில்லன்னு. ரொட்டி சுடுற சீன் வந்தப்ப எறக்கணும்னா புதுசா தலை வரையணும். நேரமில்ல. அப்படியே விட்டேன். சனம் சிரிச்சிச்சு. அப்புறம் அதுவே கொமடியாப் போச்சு."

வேலை மிச்சம் பிடிக்கப் போய் வந்த வினை. எங்கள் அப்பாவின் கோட் மாதிரி.

மாமியார் சொன்னபடி யோகராஜ் கூடையை எடுத்துப் பார்த்திருக்கிறார். கயிறு இருந்த இடத்தில் ஒன்றுமே இல்லை – வெறும் வெள்ளை. செவனம்மாவுக்கு உச்சந்தலையையே அவர் வரைந்திருக்கவில்லை. வரையலாமென்றால் எப்படி இருக்குமென்று தெரியாது. மாமியார் எப்போதும் தலையில் ஒரு துண்டு கட்டியிருப்பார். சாந்தி வழியாகத் தயங்கித் தயங்கிக் கேட்டனுப்பினார். மறுநாள் காலையில் மாமியார் இஸ்தோப்பில் வெளிச்சமாக ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, துண்டை அவிழ்த்தார்.

கயிறு அழுத்திய இடத்தில் முடி இல்லை. விரல் வைத்தால் பதிகிற மாதிரி ஒரு பள்ளம்.

"மொதல்ல நல்லா அடர்த்தியா முடி வரைஞ்சு மூடிட்டேண்ணே. செத்தவங்களுக்குக் கோட் மாட்டின கைதானே... அப்புறம் மனசு கேக்கல. அழுக வந்திருச்சு. அழிச்சிட்டு, இருக்கிற மாதிரியே வரைஞ்சேன்."

பஸ்ஸில் அந்தப் பெண்கள் பார்த்து அலுத்துப் போனது அந்த வீடியோவைத்தான். செவனம்மா வீட்டுக்கு வருகிறாள். கூடையை இறக்கி வைக்கிறாள். கழுத்தைத் திருப்புகிறாள். உட்கார்ந்து பிளேன்டீ குடிக்கிறாள். 'கொமடி எங்கே?' என்று கீழே கமென்ட் மேல் கமென்ட். 'கூடைய மாட்டுங்க அண்ணா' என்று கெஞ்சல்கள். விளம்பரம் தருகிற கடைக்காரர் ஒருவர் போன் போட்டே கேட்டுவிட்டாராம், உடம்புக்கு ஏதும் சுகமில்லையா என்று.

நகைச்சுவை செய்கிறவர் பாடு கஷ்டம்தான். சனம் எந்த இடத்தில் சிரித்ததோ, அந்த இடத்திலேயே அவரை நிற்க வைத்துவிடும். கொஞ்சம் உட்காருகிறேன் என்றாலும் விடாது.

"அடுத்த வாரம் என்ன செய்யப் போறீங்க?" என்று கேட்டேன்.

யோகராஜ் திரும்பித் திரையைப் பார்த்தார். கொம்பியூட்டரில் செவனம்மா டீ கோப்பையோடு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். நான் அடுத்த கேள்வியைக் கேட்டேன். "சரி, அன்னிக்குப் பிறகு அத்தை உங்களோட நேரா பேசுறாங்களா?"

"இல்லண்ணே" என்று வெட்கப்பட்டார். "அன்னிக்கு மட்டுந்தான்."

அப்போது சாந்தி எங்களுக்கு டீ கொண்டுவந்து வைத்தார். அவருக்குப் பின்னால், கதவு மறைவிலிருந்து, பஸ்ஸில் நான் கேட்ட அதே குரல்.

"சாந்தி, மாப்பிள்ளைக்கிட்ட சொல்லு. அந்தப் பொம்பளைய நாளைக்கு வேலைக்கு அனுப்பச் சொல்லு. எத்தன நாளைக்குத்தான் சும்மா குந்தியிருக்கும்? கூடையை மாட்டிக்கிட்டுப் போகட்டும். சாயங்காலம் வாசல்ல எறக்கிரணும்... அதையும் சொல்லு."

சாந்தி வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை தலையை ஆட்டினார்.